ஐந்து பெயர் கேட்டார்கள்: செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையில் ஐந்து நாள்

முதல் நாள், கானாடுகாத்தான்

நீர்நிலைகளுக்காக ஓடியாடி வேலை செய்யும் நண்பர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார். "செட்டிநாட்டுப் பக்கம் முதலில் காப்பாற்ற வேண்டிய நீர்நிலைன்னு அஞ்சு பேர் எழுதிக் குடு. அஞ்சுக்கு மேல வேண்டாம், ஆறாவது பேரை யாரும் படிக்க மாட்டாங்க." சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பெயர்கூட எழுத வரவில்லை. தேவகோட்டைப் பக்கம் பிறந்தவன் நான். கண்மாயில் நீந்திப் பழகியவன். ஆனால் எந்தக் கண்மாய் முதலில், எது அடுத்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதனால்தான் இந்தப் பயணம். தினமும் இரவு, பார்த்ததை அன்றன்றே இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39,000-க்கு மேல் இருக்கின்றன. அரசின் ஈரநில இயக்கம் 2021-இல் தொடங்கியபோது ஏரி, சதுப்பு போன்ற ஈரநிலங்களில் ஐந்தாண்டுகளில் 100-ஐத் தேர்ந்து காப்பது என்று வைத்துக்கொண்டது. இரண்டு எண்ணும் ஒரே வகைக் கணக்கில் வருபவை அல்ல. இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 390-க்கு ஒன்று. மீதி 389-ஐ என்ன செய்வது என்பதும் அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் ஒரே கேள்விதான்.

திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. தங்கியிருப்பது தெரிந்தவர்களின் பழைய வீட்டில். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் தெருவுக்குப் போகும். தெரு வாட்டத்தில் ஓடி ஊருணியில் சேரும். வீடு கட்டும்போதே தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யோசித்துக் கட்டிய ஊர்கள் இவை.

மாலையில் ஊருணிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். செம்புறாங்கல் படிகள். குடிதண்ணீர் ஊருணி என்பதால் யாரும் காலைக்கூட நனைப்பதில்லை. அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு முக்குளிப்பான் மூழ்கி மூழ்கி எழுந்தது. தண்ணீருக்கு மேலே தட்டான்கள். தட்டானை நாம் பறக்கும் பூச்சி என்றே நினைக்கிறோம். அதன் வாழ்நாளில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில், கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் குஞ்சாகக் கழிகிறது.

நோட்டில் முதல் பெயராக இந்த ஊருணியை எழுதினேன்.

இரண்டாம் நாள், வேட்டங்குடி

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப்பட்டி. விடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். நடந்தே சுற்றிவிடலாம்.

தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தெருபோல இருந்தன. நத்தைக்குத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் எல்லாம் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. இரைச்சல் காதை அடைத்தது. அந்த எச்ச வாடையும் இரண்டு நிமிடத்தில் பழகிப்போனது.

தொலைநோக்கியில் ஒரு நத்தைக்குத்திக் கூட்டையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த பறவைக்கு அலகு மூடியிருந்தாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். பாக்குவெட்டியைச் சரியாக மூடாமல் வைத்ததுபோல. கூட்டில் இருந்த குஞ்சுக்கு அந்தச் சந்தே இல்லை, அலகு நேராக ஒட்டியிருந்தது. வளர வளரத்தான் சந்து விழும். தாய் வந்து எதையோ கக்கியது, மூன்று குஞ்சும் பாய்ந்தன. நத்தைச் சதையாகத்தான் இருக்கும். இந்தப் பறவையின் பிழைப்பே நத்தையை நம்பித்தான்.

தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. பறவைகள் குஞ்சு வளர்க்கும் நேரம் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக ஊரே விட்டுக்கொடுத்து வருகிறது. வனத்துறை இனிப்பு கொடுக்கும். கொள்ளுக்குடிப்பட்டியில் டீ குடித்த இடத்தில் ஒரு அக்காவிடம், பிள்ளைகள் அடம் பிடிக்காதா என்று கேட்டேன். "பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுப் பக்கத்துல யாராவது வெடி போடுவாங்களா தம்பி?" என்றார். இப்படிப் பேசும் ஊர் இருக்கும்போது சட்டமெல்லாம் இரண்டாவதுதான்.

இனி என் குழப்பம். நீர்நிலைக்கு மதிப்புப் போடுவது என்றால் உலகம் முதலில் பறவையைத்தான் எண்ணும். ஈரநிலங்களைக் காக்க 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் போட்ட உடன்படிக்கையில் ஒரு ஈரநிலம் சேர ஒன்பது அளவுகோல்கள் உண்டு. 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடினால் தகுதி. ஒரு பறவையினத்தின் எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே இருந்தாலும் தகுதி. மீனுக்கான அளவுகோல்கள் 1996-இல்தான் வந்து சேர்ந்தன, கால் நூற்றாண்டு கழித்து. இன்று தமிழ்நாட்டில் 20 ராம்சார் இடங்கள் இருக்கின்றன, இந்தியாவிலேயே அதிகம். பக்கத்து இராமநாதபுரத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சேர்ந்துவிட்டதாக 2022-இல் அறிவித்தார்கள். மனதார மகிழ்கிறேன். பறவை கண்ணுக்குத் தெரியும், எண்ண முடியும், மக்களுக்குப் பிடிக்கும். அதில் தப்பே இல்லை.

ஆனால் நான் பார்த்த அந்தத் தாய் நாரை நத்தையோடு வந்தது சரணாலயத்துக்கு வெளியிலிருந்து. எந்த வயலிலோ, எந்தப் பெயரில்லாத குட்டையிலோ பொறுக்கியது. 38 ஹெக்டேர் இத்தனை வாய்க்குச் சோறு போட முடியாது. கூட்டுக்குக் காவல் போட்டாயிற்று. அடுப்படிக்கு யார் காவல்?

இன்னொன்று. ஐந்து பெயரையும் பறவைக் கண்மாய்களாக எழுதினால் அதே நாரையையும் அதே வக்காவையும் ஐந்து தடவை காப்பாற்றியதாக ஆகும். பந்தியில் ஐந்து பாயசம் வைத்துவிட்டுச் சோற்றை மறந்த மாதிரி. ஓரிடத்தில் இல்லாதது அடுத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பட்டியலை நிரப்ப வேண்டும்.

மூன்றாம் நாள், பெயர் எழுதாத ஊர்

இன்றைக்குப் போன ஊரின் பெயரையும் கண்மாய்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மீன் இருக்கும் இடம் என்று எழுதினால் அடுத்த வாரமே வலையோடு வண்டி வந்துவிடும்.

கூட்டிப்போனவர் அந்த ஊரின் பழைய நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதெல்லாம் அவர் குடும்பத்தின் பொறுப்பாக இருந்தது. எழுபத்தைந்து வயது இருக்கும். நான் நேரே கண்மாய்க் கரையில் ஏறப்போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, தண்ணி வர்ற வழியப் பாக்காமக் கம்மாயப் பாத்து என்ன செய்யப் போறீக? மொதல்ல வரத்துக்காலு."

அப்படியே வரத்துக்காலில் இறங்கி நடந்தோம். நாலு கிலோமீட்டர் இருக்கும். மூன்று கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. மேல்கண்மாய் நிறைந்தால் கலுங்கில், அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் இடத்தில், மறுகால் பாய்ந்து அடுத்ததற்கு வரும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசிக் கண்மாயின் மிச்சம் ஓடை வழியாக ஆற்றுக்கு. இந்தப் பக்கத்து மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழி எல்லாமே மழைக்கு ஓடி மற்ற நாளில் மணலாகக் கிடப்பவைதான். வரைபடத்தில் ஆறு தனி, கண்மாய் தனி. மழைநாளில் எல்லாம் ஒரே உடம்பு. கண்மாய்கள் ஆற்றின் வயிறு, வரத்துக்கால்கள் நரம்பு.

"ஐப்பசியில புதுத்தண்ணிக்கு மீன் ஏறும்" என்றார் பெரியவர். "ஓடுற தண்ணிய எதுத்து. கெண்டை, கெளுத்தி, குரவை எல்லாம். ராத்திரியில வந்து நின்னா சலசலன்னு சத்தமே கேக்கும். விலாங்குகூட வரும் அப்பல்லாம்."

விலாங்கு என்றதும் நின்றுவிட்டேன். விலாங்கு கடலில் முட்டையிட்டு, குஞ்சாக ஆற்று முகத்துக்கு வந்து, மேலேறி நன்னீரில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும் உயிர். அது இந்தக் கண்மாய்க்கு வந்திருக்கிறது என்றால் கடலிலிருந்து இதுவரை ஒரு வழி திறந்திருந்தது என்று அர்த்தம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். மூத்த மகன் கல்யாணத்துக்கு முந்தி என்றார். அந்த மகனுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

இரண்டாம் கண்மாய்க்கும் முதல் கண்மாய்க்கும் நடுவே ஒரு தார்ச்சாலை குறுக்கே போகிறது. சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய். போட்டு ஆறேழு வருஷம் இருக்கும் என்றார். குழாயின் கீழ்வாய் கால்வாய்த் தரையோடு இல்லை, ஒன்றரை முழம் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. விழும் தண்ணீர் கீழே குடைந்து குடைந்து ஒரு சின்னக் குட்டையே ஆகிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. குட்டையில் விரல் நீளக் கெண்டைகள் பத்துப் பதினைந்து, தண்ணீர் விழும் இடத்தைப் பார்த்தே முகம் வைத்து நின்றன. எவ்வளவு நேரம் பார்த்தும் திரும்பவில்லை.

"மழ பேஞ்சு ஓடுறப்ப வந்து பாக்கணும் நீங்க. குதிக்கும், சிமெண்டுல மோதும், விழும். திரும்பக் குதிக்கும். பயக கொசுவலையப் போட்டு அள்ளிட்டுப் போயிருவானுக."

குழாய் போட்டவர்கள் தண்ணீர் கீழே போகுமா என்று பார்த்திருக்கிறார்கள். மீன் மேலே வருமா என்று யாரும் கேட்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. கேட்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது. அதுதான் வருத்தம்.

மேல்கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் பரந்து நிற்கும் உட்பக்கத்தில், காய்ந்த சேற்றில் கையகல மட்டி ஓடுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். வெளியே சாம்பல் பச்சை, உள்ளே முத்துப்போல ஊதா கலந்த வெள்ளை. நன்னீர் மட்டி நகர முடியாத உயிர். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளிவந்து, போகிற மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொள்ளும். சில நாள் அப்படியே சவாரி செய்து, வேறிடத்தில் உதிர்ந்து அங்கே வளரும். தண்ணீரை வடிகட்டித் தின்னும் என்பதால் கண்மாய்க்கு அது இலவச வடிகட்டி. மீன் ஏறவில்லை என்றால் மட்டியும் ஏறாது. கையில் இருந்த ஓடுகள் எல்லாமே பெரியவை, பழையவை. குஞ்சு மட்டி ஓடு ஒன்றாவது கிடைக்குமா என்று ஒருமணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. ஒருநாள் தேடலை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது மடைக்குப் பக்கத்தில் இருக்கும் மடுவுக்குக் கூட்டிப்போனார். கண்மாயிலேயே பள்ளமான இடம். சித்திரை, வைகாசியில் கண்மாய் முழுக்க வெடித்துக் கிடந்தாலும் இங்கே மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்குமாம். விரால், குரவை, தேளி எல்லாம் வெளிக்காற்றை விழுங்கி மூச்சு விடக்கூடியவை, கலங்கிய சூடான தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆமை சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். அடுத்த மழைக்கு இங்கிருந்துதான் கண்மாய் முழுக்க மறுபடி உயிர் பரவும். விரால் பார்ப்பை, அதாவது குஞ்சுக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். செக்கச்செவேல் என்று பந்துபோல நூற்றுக்கணக்கில் மிதக்கும், ஆணும் பெண்ணும் அடியிலேயே காவல் நிற்கும், யார் கையை விட்டாலும் பாயும் என்று.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் சில ஊர்களில் கடைசித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, சேற்றைக் கிளறி ஒன்று விடாமல் எடுத்துவிடுகிறார்கள். இந்த ஊரில் மடுவில் மோட்டார் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. மீன்பிடித் திருவிழா அன்று கரையில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்னும் மீன்பிடி கூடையோடு ஊரே இறங்கும். அன்றைக்கும் மடுவை விட்டுவிடுவார்கள்.

"வெத நெல்ல யாராச்சும் ஆக்கித் திம்பாகளா தம்பி?"

தூர்வாருவதைப் பற்றியும் பேசினோம். தூர்வார வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொக்லைனை விட்டு ஒரே ஆழத்தில் சட்டிபோலத் தோண்டிவிட்டால் மடுவும் போகும், உள்வாயின் ஆழமில்லாத ஓரமும் போகும். ஓரத்தில்தான் மீன் முட்டையிடும், கொக்கு நின்று மேயும். ஒரு தடவை பொக்லைன் வாளியில் சேற்றோடு ஏழு ஆமை வந்ததாம். உயிரோடு இருந்த ஐந்தைச் சாக்கில் கட்டி, தானே மடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

கால் கடுகடு என்று வலிக்கிறது. மீதி நாளை.

நான்காம் நாள், காரைக்குடி

முதலில் ஒரு திருத்தம். ஊருணியை முதல் பெயராக எழுதியதை அடித்துவிட்டேன். அதை ஊரே பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிறது. நான் எழுதித்தான் அது பிழைக்க வேண்டும் என்றில்லை. அருமையானது எது என்று பார்த்தால் போதாது. இப்போது கைகொடுக்காவிட்டால் போய்விடக்கூடியது எது, கொடுத்தால் தேறக்கூடியது எது என்று பார்க்க வேண்டும்.

காலையில் மீன் மார்க்கெட். ஜிலேபி குவியலாக, கட்லா, ரோகு தட்டுத் தட்டாக. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சு வாங்கிக் கண்மாயில் விட்டு வளர்ப்பவை. நாட்டுமீன் என்று கேட்டதற்கு ஒரு மூலையைக் காட்டினார்கள். இரண்டு விரால், கொஞ்சம் குரவை, ஒரு பிளாஸ்டிக் வாளியில் உயிரோடு அயிரை. விலை கேட்டவர்கள் பாதிப்பேர் நகர்ந்துவிட்டார்கள்.

கால் கிலோ அயிரை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டு ஆச்சி மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசித் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினார். மண்ணைக் கக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் பால் கலந்த தண்ணீரில் விட்டார். "முன்னாடி வாசல்ல வந்து படியால அளந்து குடுத்துட்டுப் போவாக, இப்பக் கல்யாணத்துக்குச் சொல்லி வைக்கிற மாதிரி சொல்லி வைக்கணும்" என்றார்.

எந்த உயிரினம் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும் உலக அளவிலான செம்பட்டியலில் அயிரை அழியும் இனம் இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக உண்டு. பட்டியலை மட்டும் வைத்து வரிசை போட்டால் அயிரை எந்தக் காலத்திலும் மேலே வராது. ஆனால் உலகத்தில் இருப்பது வேறு, ஆச்சியின் வாசலுக்கு வருவது வேறு.

பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் வெளிவந்த பெரிய ஆய்வில் மீன், தட்டான், நண்டு இறால் வகைகள் என்று 23,496 நன்னீர் இனங்களைப் பார்த்து, நான்கில் ஒரு பங்கு அழியும் நிலையில் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். காரணங்களில் முதலில் மாசு, அடுத்து அணைகளும் தண்ணீர் எடுப்பதும். இன்னொன்றும் சொன்னார்கள், அதை நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பஞ்சம் எங்கே அதிகமோ அங்கேதான் இந்த உயிர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மனிதனின் தாகத்தை வைத்து மீனின் கஷ்டத்தை அளக்க முடியாது. நேரே போய் மீனைத்தான் பார்க்க வேண்டும்.

குழம்பு நன்றாக இருந்தது. குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிட்டேன். அயிரையைத் தின்னும் ஊர்தான் அயிரை வேண்டும் என்று கேட்கும்.

ஐந்தாம் நாள், திரும்பும் வழி

காலையில் நண்பருக்குப் பட்டியலை அனுப்பிவிட்டேன். முதல் பெயர், சாலைக்கு அடியில் இருக்கும் அந்தக் குழாய். இரண்டாவது மடு, அதோடு அந்த ஊரின் மோட்டார்க் கட்டுப்பாட்டை மற்ற ஊர்களுக்கும் எடுத்துச் சொல்வது. மூன்றாவது வேட்டங்குடி, ஆனால் மூன்று கண்மாய் மட்டும் இல்லை, நாரைகள் நத்தை பொறுக்கும் சுற்றுவட்டாரக் குட்டைகளும் சேர்த்து. நான்காவது கடைசிக் கண்மாயிலிருந்து ஆறு வரைக்குமான ஓடை, விலாங்கு வந்த வழி. ஐந்தாவதை எழுதவில்லை. பார்க்காத ஊர்களில் இருப்பதற்கு அந்த இடம்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "பாதி நீர்நிலையே இல்லையேப்பா. குழாயைப் போய் எப்படிப் பாதுகாக்கப்பட்ட இடம்னு எழுதுறது?"

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் 30 விழுக்காட்டைக் காப்பது என்று ஒப்புக்கொண்டன. பரப்பைக் கணக்குப் போட்டால் என் குழாய் எந்த விழுக்காட்டிலும் வராது. ஒரு ஹெக்டேரில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் அதைச் சரி செய்தால் இரண்டு கண்மாய்கள் மறுபடி ஒட்டும். செலவு? பெரியவர் அன்றே சொல்லிவிட்டார், பத்து வண்டிக் கல் போட்டுச் சரிவு கட்டினால் மீன் ஏறிவிடும் என்று. வேலி போட்டுக் காவல் வைப்பதைவிட இது எத்தனையோ மடங்கு மலிவு. இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, முதல் பெயராவே இருக்கட்டும், ஆனா அளவும் படமும் வேணும்" என்றார்.

பஸ் ஏறுவதற்கு முன் டேப்போடு மறுபடி அங்கே போனேன். பெரியவரும் வந்தார். டேப்பின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். குழாய் வாயிலிருந்து கால்வாய்த் தரைவரை 68 செ.மீ., குழாயின் குறுக்களவு 90 செ.மீ. குட்டையில் அந்தக் கெண்டைகள் இன்னும் நின்றன, இன்றைக்கு எண்ணினேன், பன்னிரண்டு. செம்புறாங்கல் உடைசல் இரண்டு டிராக்டர் ஊரிலேயே கிடைக்கும், ஆடிக்குள் போட்டுவிடலாமா என்று கேட்டார். சாலை யார் பொறுப்போ அவர்களிடம் அனுமதி வாங்காமல் கை வைக்கக் கூடாது என்றேன். அப்படியானால் மனுவை நீங்களே எழுதுங்கள், ஊர்க் கையெழுத்தை நான் வாங்குகிறேன் என்றார்.

திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மனுவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருமயம் தாண்டியாயிற்று. இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.